சதுப்புக் கரையில் இரண்டு படி உப்பு

மலைக்கு மேலே வள்ளமா என்று கீழே போடியில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு எஸ்டேட்டில், பால்பாண்டி பன்னிரண்டு வருஷம் வள்ளம் தள்ளித்தான் சோறு தின்றான். அந்தத் தோட்டத்துக்குள் வெள்ளைக்காரன் காலத்து நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கம் தண்ணீர் வற்றியும் வற்றாமலும் கோரை மண்டி, முழங்கால் புதைகிற சதுப்பாகக் கிடக்கும். நாமக்கோழியும் சிறகியும் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும்.

முதலாளியின் விருந்தாளிகள் மதுரையிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு, துடுப்புச் சத்தம் கேட்காமல் கோரைக்குள் புகுந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்கி, இது இன்ன பறவை, அது இன்ன மிருகத்தின் தடம் என்று காட்டுவதுதான் பால்பாண்டியின் வேலை. நன்றாகவே காட்டுவான். அவனுக்குத் தெரியாத பறவைக் கூடு அந்தத் தண்ணீரில் கிடையாது.

சொந்த ஊர் தேவாரம். அப்பன் மலைமாடு வளர்த்தவர். பதினெட்டு வயதில் ஒரு காளை அவனைத் தூக்கிப் போட்டதில் இடது கால் சரியாகக் கூடாமல் போயிற்று. கல்யாணம் முடித்து, மனைவி ஜக்கம்மாளோடு எஸ்டேட் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் குடிவந்தபோது, அந்தக் காலை வைத்துக்கொண்டு சரிவில் காய் மூட்டை சுமக்க முடியவில்லை. இரண்டு தரம் மூட்டையோடு உருண்டான். மேனேஜர் இரக்கப்பட்டு எழுபத்து நாலில் அவனை வள்ளத்தில் உட்கார வைத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை, உட்கார்ந்து தின்கிற சோறு என்று லயத்தில் கேலி செய்தார்கள். அவனுக்கு அது கேலியாகப் படவில்லை. வள்ளம் போனால் தன்னால் அந்த மலையில் பிழைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

விருந்தாளிகளுக்குப் பறவை வேண்டாம். எத்தனை அழகான பறவையைக் காட்டினாலும், "யானை எப்பப்பா வரும்?" என்றுதான் கேட்பார்கள். அடுத்த வருஷம் மழை தப்பி, ஒரு மாதம் போல யானையே இறங்கவில்லை. வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். யானை காட்டாத வள்ளத்துக்கு ஒரு ஆள் எதற்கு என்று மேனேஜர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். 

அப்போதுதான் அப்பனின் வித்தை அவன் நினைவுக்கு வந்தது. காட்டுக்குள் மேயப் போய்த் திரும்பாத மாட்டை அப்பன் தேடிக்கொண்டு அலைய மாட்டார். ஒரு பாறையில் கல்லுப்பைப் பரப்பி வைத்துவிட்டு ஒதுங்கி உட்காருவார். எந்த மூலையில் இருந்தாலும் மாடு வந்துவிடும். யானையும் புல் தின்கிற உயிர்தானே என்று நினைத்தான். அக்கரைச் சேற்றில் ஒரு படி உப்பைப் பிசைந்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் ஒற்றைக் கொம்பன் ஒன்று வந்து அந்தச் சேற்றைக் காலால் கிளறி, வாரி வாரித் தின்றது. வள்ளத்தில் இருந்த மதுரை ஜவுளிக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன்பிறகு வேலைக்கு ஆபத்து வரவில்லை.

உப்பு விஷயத்தை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. போடிச் சந்தையிலிருந்து உப்பைச் சுமந்து வந்தவள் ஜக்கம்மாள். இவ்வளவு உப்பு எதற்கு என்று கேட்டதற்கு, வள்ளத்துப் பலகை உளுக்காமல் இருக்கப் பூசுகிறேன் என்றான். அவளும் நம்பினாள். புருஷன் சொல்வதை நம்பாமல் வேறு என்ன செய்வாள்?

எழுபத்தொன்பது ஐப்பசியில் காய் எடுப்பு மும்முரமாக நடந்தது. ஆள் போதாமல் ஜக்கம்மாள் தன் தங்கை அய்யம்மாளைப் பொட்டிபுரத்திலிருந்து வரவழைத்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. தையில் கல்யாணம். ஒரு தோடு வாங்கக் காசு சேர்க்கத்தான் மலை ஏறினாள். பால்பாண்டியை மச்சான் மச்சான் என்று சுற்றி வருவாள். அக்கா குழம்பில் உப்பே இல்லாத மாதிரி இவருக்கு ஏன் இந்த மூஞ்சி என்று அவனையே கிண்டல் பண்ணுவாள்.

லயத்துப் பெண்கள் தோட்டத்துக்குப் போகச் சதுப்பின் இக்கரையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. அதற்கு ஒரு கட்டுத்திட்டம் உண்டு. காவலாள் சின்னச்சாமி விடிந்ததும் அந்தப் பாதையில் ஒரு நடை போய், யானையின் புது லத்தி கிடக்கிறதா, கோரை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வருவார். பாதை சுத்தமாக இருந்தால் தகரத்தை இரண்டு தரம் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்காமல் ஒருத்தியும் லயத்தை விட்டுக் காலெடுத்து வைக்க மாட்டாள். பதினோரு வருஷமாக அந்தத் தகரம் தப்பாக ஒலித்ததில்லை.

அந்த வாரம் முதலாளிக்கு வேண்டிய பெரிய மனிதர் ஒருவர் வந்திருந்தார். வயதானவர், அக்கரை வரை வள்ளத்தில் போக உடம்பு தாங்காது. இரண்டு நாளாக யானை கண்ணில் படவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பால்பாண்டி சாயங்காலம் இரண்டு படி உப்பை எடுத்துப்போய் இக்கரைச் சேற்றில் பிசைந்தான். பாதைக்கும் அதற்கும் முப்பது அடிதான் இருக்கும். பெண்கள் ஏழு மணிக்கே தாண்டிவிடுவார்கள், யானை அதற்குப் பிறகுதானே வரும் என்று கணக்குப் போட்டான். யானை அவன் கணக்கைக் கேட்டா நடக்கும்? மடையன்.

விடிந்ததும் சின்னச்சாமி பார்த்தார். பாதை சுத்தம். தகரத்தைத் தட்டினார். தட்டி முடித்துப் பெண்கள் வந்து சேருவதற்குள், மேல் மூங்கில் காட்டிலிருந்து ஒற்றைக் கொம்பன் பனியோடு பனியாக இறங்கி, கோரைக்குள் நின்று உப்புச் சேற்றைத் தின்றுகொண்டிருந்தது. முன்னால் போனவள் அய்யம்மாள். பால்பாண்டி துறையில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தது அவள் சத்தம் இல்லை, பின்னால் வந்தவர்களின் சத்தம். நொண்டிக்கொண்டு அவன் ஓடிச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பிள்ளை கிடந்த கோலத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழி நேராகச் சின்னச்சாமி மேல் விழுந்தது. குடித்துவிட்டுப் பாதையைப் பார்க்காமலே தட்டிவிட்டான் என்றார்கள். மனிதர் குடிக்கிறவரே இல்லை. ஆபீஸ் வாசலில் ஜக்கம்மாள் அவரை விட்டுவிட்டு, அவர் மனைவி வேலுத்தாயின் முடியைப் பிடித்து இழுத்து, தலையில் மண்ணை வாரிப் போட்டாள். உன் குடி விளங்காது, நீ புழுத்துத்தான் சாவாய் என்று ஊரே கேட்கச் சபித்தாள். வேலுத்தாய் மண்ணைத் தட்டக்கூட இல்லை. சின்னச்சாமி, பார்த்துத்தான் தட்டினேன் என்பதைத் தவிர வேறு பேசவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பம் பிழைக்கும் என்று பால்பாண்டிக்குத் தெரியும். சொன்னால் வள்ளம் போகும், வீடு போகும், பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது.  மறுநாள் சின்னச்சாமியின் பண்டபாத்திரத்தைக் கீழே போகிற லோடு ஜீப்பில் ஏற்றினார்கள். அவருக்கும் சொந்த ஊர் தேவாரம்தான்.

பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். ஆளைக் கொன்ற யானையைப் பார்க்க வேண்டும் என்று விருந்தாளிகள் கூடுதலாக வந்தார்கள். இடத்தைக் காட்டிக் கதையைச் சொல்லு என்று மேனேஜரே சொன்னார். பால்பாண்டி உப்பு போடுவதை நிறுத்திவிட்டிருந்தான். உப்பேறிய மண்ணை வெட்டித் தண்ணீரில் கொட்டியும் பார்த்தான். பிரயோசனம் இல்லை, அந்த இடத்தை யானை மறக்கவில்லை. வள்ளத்தை இக்கரை ஓரமாக நிறுத்தி, காவல்காரன் குடித்துவிட்டுத் தட்டிவிட்டான், ஒரு பெண் செத்துப்போனாள் என்று அவன் ஆறு வருஷத்துக்கு மேல் சொன்னான். முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது. நூறு தடவைக்குப் பிறகு நடுங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

எண்பத்தாறு மாசியில், ஜீப்புக்காரர் மூலம் தேவாரத்துச் சேதி ஒன்று வந்தது. வேலுத்தாய் வயிற்றில் கட்டி வந்து, ஆறு மாதம் கிடந்து செத்துப்போனாளாம். ஜக்கம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, கையெடுத்து மேலே கும்பிட்டாள்.

"எங்காத்தா வயித்தெரிச்சல் சும்மா போகுமா? ஏந்தங்கச்சிக்குக் கேட்டாச்சு," என்றாள்.

பால்பாண்டியால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு முதல் ஜீப்பில் இறங்கினான்.

சின்னச்சாமி ஊருக்கு மேற்கே ஒருத்தர் கடலைக்காட்டுக்குக் காவல் இருந்தார். வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை. பாதி உடம்பாக இளைத்திருந்தார். பால்பாண்டி அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை அவர் கடலைச் செடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும் பாண்டி," என்றார். "அந்தப் பிள்ளையத் தூக்குறப்பவே பாத்தேன். சேத்துல கல்லுப்பு வெள்ளையாக் கெடந்துச்சு. நக்கியும் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றாம்பாங்க. ஒன் வாயில இருந்து வரும்னு பொழுது சாயிற வரைக்கும் ஆபீசு வாசல்ல நின்னேன்."

இப்பவே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று பால்பாண்டி எழுந்தான். சின்னச்சாமி வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவருட்டச் சொல்லி என்னாகப் போகுது? ஜக்கம்மாட்டச் சொல்லு. அவ விட்ட சாபத்தாலதான் இந்தக் கட்டின்னு சொல்லிச் சொல்லியே செத்தா வேலுத்தாயி."

பால்பாண்டி சாயங்காலம் மலை ஏறினான். ஜக்கம்மாள் சோறு போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னான். சந்தை உப்பு, அக்கரைச் சேறு, கடைசியாக அந்த இரண்டு படி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை. நான் சுமந்து வந்த உப்பா என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள தலையில நான் மண்ண வாரிப் போட்டேன்ல, அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"ஒம் பக்கத்துலதான்."

 விடிந்ததும் ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு ஜீப்புக்குப் போனாள். பொட்டிபுரத்துக்கா என்று டிரைவர் கேட்டதற்கு, தேவாரத்துக்கு, வேலுத்தாயி வீட்டுக்கு என்றாள்.