ஒரே தடவை அலசிய தெளிப்பான்

1. விவசாயக் கல்லூரியில் வெற்றிலைச் சாகுபடி படித்தபோது, செய்முறைக்காக என்னைத் தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கொடிக்காலுக்கு அனுப்பினார்கள்.
2. களைக்கொல்லி அடித்திருந்த தெளிப்பானை ஒரே தடவை அலசிவிட்டு, அதிலேயே பூச்சிமருந்தைக் கலந்து அடித்தேன்.
3. நான்காம் நாள் கொழுந்துகள் முறுக்கிக்கொண்டு, கொடிகள் வாடத் தொடங்கின.

மாதவிலக்கான பெண்கள் கொடிக்காலுக்குள் வந்தால் கொடி பட்டுப்போகும் என்பது அங்கே நம்பிக்கை. உரிமையாளர் அண்ணாச்சி, வெற்றிலை கிள்ளும் இசக்கியம்மாளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

“ஏளா, தூரத்தோட உள்ள வந்தியா?”

“எனக்கு அது நின்னு நாலு வருசமாச்சு, அண்ணாச்சி.”

ஆண்கள் சிரித்தார்கள்.

“அப்போ ஒம் மகள உள்ள விட்டிருப்ப. இனி இங்கன வராத.”

தெளிப்பானில் தங்கிய களைக்கொல்லிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, பேசாமல் நின்றேன்.

சான்றிதழ் கைக்கு வந்தபிறகு போய் உண்மையைச் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை. “படிச்ச புள்ள, அவளுக்கு இரக்கப்பட்டுப் பொய் சொல்லுத. மருந்துக்கு எங்கன கொடி சாவும்?” என்றார்.

இப்போது களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து, சிவப்புச் சாயம் பூசியிருக்கிறேன். தவறு நேர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் இசக்கியம்மாளை அந்தப் பக்கத்தில் எந்தக் கொடிக்காலிலும் யாரும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. அவர் தூத்துக்குடி உப்பளத்தில் உப்புச் சுமக்கிறார்.