மர்ழியாவும் ஓர்கிட் வேரும்

ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம், வெளிற்றும் திரவத்தில் மூன்று நிமிடம், பிறகு கொதித்தாறிய நீரில் மூன்று முறை. விரல் நீள ஓர்கிட் வேரை மர்ழியா இடுக்கியால் முக்கி எடுக்கிறார். "நல்லாக் குளிக்கோணும் மகள். வெளியிலை ஒட்டினதெல்லாம் போகட்டும். எனக்கு உள்ளுக்கை இருக்கிறவர்தான் வேணும்."

உள்ளே இருப்பவர் பூஞ்சை. வேரை நறுக்கி, உருளைக்கிழங்குக் கூழ் உறைந்த தட்டில் வைத்தால், சில நாட்களில் பஞ்சுபோல வெளியே வருவார். மெதுவாக வளர்ந்தால் 'மாமி', தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டால் 'மச்சான்'. யாழ்ப்பாணத்து ஆய்வுகூடமொன்றில் ஒன்பது ஆண்டுகளாக இப்படித்தான் பெயர் வைக்கிறார்.

பதின்மூன்று வயதில், தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாமில் படித்து, திரும்பி வந்தவர் மர்ழியா. கணவர் யூசுப் தையற்காரர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய காற்புண்ணில் இருந்த கிருமி நான்கு மருந்துக்கும் அசையவில்லை. பெருவிரலை எடுத்துவிட்டார்கள். "மெசின் மிதிக்கிற விரல்" என்பார் மர்ழியா.

போன மாதம் அதே இனக் கிருமி பரப்பிய தட்டில், கரவெட்டியில் ஓர் இலுப்பை மரத்து ஓர்கிட் வேரிலிருந்து வந்த 'மாமி'யைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்தது. கிருமி கிட்ட வரவேயில்லை. மர்ழியா செருப்பில்லாமல் ஓடிப்போய் விரிவுரையாளர் உதயகலாவை இழுத்து வந்தார்.

"வேரிலை வெளிற்றி மிச்சம் கிடந்து கிருமியை அழிச்சிருக்கும் மர்ழியா. புது வேரிலை திரும்பச் செய்வம்."

அன்றே ஸ்கூட்டியில் கரவெட்டி. அங்கே சிவக்கொழுந்து என்ற அம்மாவின் வளவில் நின்ற அந்த இலுப்பையைக் காணவில்லை. அடிமரம் மட்டும் நின்றது.

"கறண்ட் கம்பியிலை முட்டுதெண்டு வெட்டிப்போட்டாங்கள் பிள்ளை. உந்தக் கொப்புகளுக்கு இப்பத்தான் நெருப்பு வைச்சனான்."

"ஐயோ அம்மா, தண்ணி! தண்ணி ஊத்துங்கோ!"

இருவருமாக வாளியோடு ஓடினார்கள். புகைக்குள் கையை விட்டு மர்ழியா இழுத்த கொப்பில் ஓர்கிட் பாதி வாடியிருந்தது. நான்கு வேர்கள் மட்டும் பச்சை. "உதுக்கோ இந்தப் பாடு?" என்று சிவக்கொழுந்து மூச்சிரைக்கக் கேட்டார். "ஓம் அம்மா, உதுக்குத்தான்" என்று சிரித்தார் மர்ழியா, கண்ணெல்லாம் நீர் வடிய.

அந்த நான்கு வேர்களில் மூன்று ஏமாற்றின. நாலாவதில் 'மாமி' வந்தாள். இம்முறை வேரைக் கழுவிய கடைசி நீரையும் அதே கிருமிமேல் ஒரு துளி வைத்தார்.

நேற்றுக் காலை தட்டைத் திறந்தபோது, இதை எழுதவென ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த நானும் பக்கத்தில் நின்றேன். நீர் விழுந்த இடத்தில் கிருமி செழித்திருந்தது; வெளிற்றி மிச்சமில்லை. பூஞ்சையைச் சுற்றி வட்டம், போன முறையைவிடப் பெரிதாக.

"இது மருந்தாக எத்தினை வருசமோ. ஆகாமலும் போகலாம்" என்றார் உதயகலா. ஆனால் அவருடைய குரலும் உயர்ந்திருந்தது.

"தெரியும் மிஸ். நீங்கள் அளந்து பாருங்கோ."

அடிமட்டத்தை அவரிடம் நீட்டிய மர்ழியா, அளவைக் குறிக்கக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டார்.