கத்தரிக்கோலை எடுத்தது யார்?

தையல் கடையில் துணி வெட்டுகிறவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. யாரும் பற்றவைக்கவே வேண்டாம். போன மாதம் அளவு தப்பிய ஆத்திரத்தில் கத்தரிக்கோலை வீசியெறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

"இன்னொரு தடவை உன் சத்தம் தெருவுக்குக் கேட்டுச்சுன்னா வேற இடம் பார்த்துக்கம்மா" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். கோபத்தால் ஏற்கெனவே இரண்டு கடையில் வேலை போயிருந்தது. இதுவும் போனால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பயந்துபோய் டாக்டரைப் பார்த்தாள். பொறுமையாக விசாரித்துவிட்டு, ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு என்றார் அவர். "வெச்ச பொருள் மறக்கிறதும், கோபம் சட்டுனு தலைக்கு ஏறுறதும் கூடப்பிறந்ததுங்க மாதிரி. ஏறுறதுக்கு முன்னாடி உடம்பு ஏதாவது சொல்லும், கவனிங்க." அவளும் கவனித்தாள். பாழாய்ப்போன உடம்பு வாயே திறக்கவில்லை.

இந்த லட்சணத்தில் கத்தரிக்கோல் வேறு காணாமல் போக ஆரம்பித்தது. அவள் மறந்து வைத்தால் கண்ட இடத்திலும் கிடக்கும். இதுவோ எப்போதும் இஸ்திரி மேசைக்கு அடியில், கூடைக்குள், துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. அதுவும் அவள் எரிச்சலில் இருக்கும் நேரமாகப் பார்த்து. நான் கத்த வேண்டும், வேலை போக வேண்டும், அதற்குத்தான் எவளோ உள்ளடி வேலை பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். பொத்தான் தைக்கிறவள் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். மனசுக்குள் முதலாளியம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒரு மதியம், வெட்டி முடித்த சட்டைக்குக் கை நீளத்தைக் கூட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் போன் செய்தார். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே இருந்த கண்ணாடியில், இஸ்திரி போடும் அக்காவின் கை அவள் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பது தெரிந்தது.

"நீங்கதானாக்கா?" சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. முதலாளியம்மா உள்ளறையில்தான் இருந்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "உன் காது செவந்தா எடுத்து வெச்சிடுவேன். போன மாசம் இது என் தலைக்கு மேலதான் பறந்துச்சு. தெரியாதா உனக்கு?"

தெரியாது. சுவரில் பட்டது மட்டும்தான் தெரியும். யார் தலையைத் தாண்டிப் போனது என்று அவள் பார்க்கவேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எடுக்காதீங்கக்கா. காணோம்னா இன்னும்தான் ஏறுது. செவந்திருக்குன்னு வாயால சொல்லுங்க."

"சொன்னா எம்மேல பாய மாட்டியே?"

"தெரியலக்கா."

மறுநாள் வேலை மும்முரத்தில், "செவந்திருக்கு" என்றாள் அக்கா மெதுவாக. பட்டாசுக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா சீண்டிப் பார்க்கிறாளோ? எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு காதும் பழுத்துக் கிடந்தன. திரும்பி வந்து கத்தரிக்கோலைத் தானே எடுத்து, கைப்பிடி அக்கா பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

அக்கா ஓர் அடி பின்னால் போனாள். பிறகுதான் கையை நீட்டினாள்.