ஒரு நீளம், இரண்டு குட்டை

செத்தவர்கள் திரும்பி வருவதென்றால் எங்கள் ஊர்க் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால்தான் நான் இதையெல்லாம் ஒரு நாளும் நம்பியதில்லை. சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தபோது ஆளுக்கொரு பேய்க்கதை சொன்னார்கள், கிணற்றடியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம் என்றார்கள், நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். எங்கள் அப்பாவைக் கடல் கொண்டு போனது, அவர் ஒரு நாள்கூட வந்து என்னைக் கூப்பிடவில்லையே. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது பட்டப்பகலில் நடந்தது, அம்மா பக்கத்து அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் பெரியகல்லாறு, கிழக்குக் கரையில். சுனாமிக்கு உதவ வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் அண்ணன் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை செய்தான். அவர்கள் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும்போது, பழையது என்று ஒதுக்கிய ஒரு கம்ப்யூட்டரை அவனுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்புக் கட்டிலே உதிரும், பெட்டி மட்டும் தப்புமா? மாதத்துக்கு இரண்டு தரம் ஸ்டார்ட் ஆகாது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும்.

அப்போது என்னைக் கூப்பிடுவான், அவனுக்கு நான் கிளி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது, ஆனால் பெட்டியின் பாஷை எனக்குத் தெரியும். நான் மேசைக்கு முன்னால் குந்தியிருப்பேன், அண்ணன் பெட்டிக்குப் பின்னால் வயரைப் பிடித்தபடி குனிந்து நிற்பான். சுவிட்சைப் போட்டதும் பெட்டி பீப் அடிக்கும்.

"எத்தின?" என்று பின்னாலிருந்து கேட்பான்.

"மூண்டு."

"நீட்டா, குட்டையா?"

"நீட்டு."

"அப்ப ராம்தான். அழிறப்பர எடு கிளி."

ராம் என்கிற அந்தச் சின்னப் பலகையைக் கழற்றி, அதன் மஞ்சள் பல்லுகளைப் பென்சில் அழிக்கிற அழிறப்பரால் தேய்த்து, திரும்பக் குத்தினால் பெட்டி எழும்பிவிடும். மூன்று நீளம் என்றால் ராம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் படம் காட்டுகிற கார்ட். ஒரே ஒரு குட்டை என்றால் எல்லாம் சரி. கடைசி பீப்பில் மட்டும் எப்போதும் கொஞ்சம் காற்றுக் கலந்து வரும். "கிழட்டுப் பெட்டியெல்லோ, மூச்சு வாங்குது" என்பான் அண்ணன்.

கடல் அவனைக் கொண்டு போகவில்லை, சண்டையும் கொண்டு போகவில்லை. சண்டை முடிந்து அடுத்த மாரியில் மூன்று நாள் காய்ச்சல் கொண்டு போனது. இருபத்தாறு வயது.

முப்பத்தோராம் நாள் சாவுத் துடக்குக் கழிக்க வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அம்மா மாவிலையால் சுவருக்கு, கட்டிலுக்கு, சைக்கிளுக்குத் தெளித்தார். பெட்டிக்கு வந்ததும், "அவன் ஆசையா வெச்சிருந்தது" என்று செம்பையே சரித்துவிட்டார். வெக்கைக்காக அண்ணன் பக்கத்து மூடியைக் கழற்றித்தான் வைத்திருப்பான். தண்ணீர் நேராக உள்ளே போனது. அதோடு பெட்டி செத்தது. அம்மாவை நான் ஏசவில்லை, எப்படி ஏசுவது?

ஆனால் அண்ணனின் படமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. எங்கள் ஆல்பங்கள் கடலோடு போனவை. அப்பாவுக்கு ஒரு படமும் இல்லை, அவர் முகம் எனக்கு மங்கிக்கொண்டே போகிறது. அண்ணனுக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். அதைப் பெருப்பித்துக் கொண்டு வந்தபோது அம்மா தள்ளி வைத்துவிட்டார்.

"இது ஆரு? அரசாங்கக் கச்சேரியில நாளைக்கு வா எண்டு சொல்ற ஆள் மாதிரிக் கிடக்கு. என்ட புள்ள பல்லத் தெரிச்சுச் சிரிக்கிறவன்."

அண்ணனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அந்தச் சிரிப்புப் படம் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது. கல்முனையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், பெட்டியை ஒரு கிழமை விட்டுவிட்டுப் போங்கள், உள்ளே உள்ள டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். அம்மா விடவில்லை. "இந்த வீட்ட விட்டுப் போனது ஒண்டும் எனக்குத் திரும்பி வரல்ல மனே" என்று என்னிடம் சொன்னார். அண்ணனின் கூட்டாளி யூட் இருந்திருந்தால் வீட்டிலேயே பார்த்திருப்பார், அவர் அப்போது கட்டாரில் வேலையில்.

ஆண்டுத் திவசத்துக்குப் பத்து நாள் இருந்தது. மத்தியானம் நானே பெட்டிக்கு முன்னால் குந்தினேன். ராமைக் கழற்றித் தேய்த்தேன், குத்தினேன், சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பு. பீப்பும் இல்லை. திரும்பத் தேய்த்தேன். நாலாம் தரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, எனக்கு இவ்வளவுதானே தெரியும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது அடித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை. கடைசியில் அந்தக் காற்று.

நான் பயப்படவில்லை, சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன், பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று. அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"ஆரு புள்ள விசிலடிக்கிற?"

"விசில் இல்லம்மா, பெட்டி!"

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் துருவுகிற சத்தம் கேட்டது.

நான் கார்ட்டைக் கழற்றினேன். அதை அதுவரை நான் தொடவே இல்லை. அதன் பல்லுகளில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து பாசி மாதிரிப் பிடித்திருந்தது. தேய்க்கத் தேய்க்க அழிறப்பர் மஞ்சளானது. திரும்பக் குத்தி சுவிட்சைப் போட்டேன். ஒரு குட்டை பீப். திரை வெளித்தது. நான் போட்ட சத்தத்துக்கு அம்மா தேங்காய்ப் பூக் கையோடு ஓடி வந்தார், படத்தைத் திறந்ததும் அந்தக் கையாலேயே திரையைத் தடவினார்.

திவசத்துக்கு யூட் லீவில் வந்தார். மாலை போட்ட அந்தச் சிரிப்புப் படத்தைப் பார்த்து நெடுநேரம் நின்றார், பிறகு என்னிடம் வந்தார்.

"பெட்டியத் திருத்தினது ஆரு?"

"நான்தான். பீப்ப எண்ணித்தான் கண்டுபிடிச்ச."

யூட் சிரித்தார். "இன்னும் நீ அத நம்பிட்டா இருக்காய்? அடியே, அந்தப் பெட்டிக்குள்ள ஸ்பீக்கரே இல்ல. ஒப்பீஸ்காரங்க குடுக்கக்குள்ளயே இல்ல. அவன்தான் பின்னால நிண்டு பல்லுக்குள்ளால விசில் அடிப்பான். உன்னச் சும்மா ஏமாத்திப் பேய்க்காட்டத்தான். எல்லாம் முடிஞ்சி மறுகா என்னட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளும் ஒரு வேலை செய்யிறாளெண்டு நினைக்கட்டும்டா, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையெல்லோ எண்டு சொல்லுவான்."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள்ளே காட்டச் சொன்னேன். ஸ்பீக்கர் வயர் குத்துகிற இடத்தில் நாலு கம்பி வெறுமையாக நின்றது, தூசி பிடித்து.

பின்னேரம் சனமெல்லாம் போன பிறகு கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். பீப் அடிப்பது அண்ணன்தான் என்று உங்களுக்குத் தெரியுமா என்று.

"உனக்குத் தெரியாதா புள்ள? நீ முன்னால இருந்து எண்ணுவாய். எனக்கு அடுப்படிக் கதவால அவன்ட வாய் தெரியுமே."

"அப்ப அண்டைக்கு? அண்டைக்கும் கதவால பாத்தீங்களாம்மா?"

அம்மா கழுவி வைத்த கோப்பையையே திரும்ப எடுத்துக் கழுவினார்.

நான் இன்றுவரை இன்னொரு தரம் கேட்கவில்லை. பெட்டி இப்போதும் ஓடுகிறது, ஒரு பீப்பும் இல்லாமல். பெட்டிக்குப் பின்னால், மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருக்கிறது. போன கிழமை நெல் மூட்டை வைக்க இடமில்லாமல் ஒன்றை அங்கே வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், மூட்டையை வாசல் வரைக்கும் தனியாக இழுத்திருக்கிறார், அந்த மூலையைக் கூட்டித் துடைத்து ஈரம்கூடக் காயவில்லை.

"அங்க ஒண்டும் வெக்காத மனே" என்றார்.