விலாசம் கேட்ட வீட்டுக்காரர்

திருநகரில் நான் நடத்தும் சேலை வெப்சைட்டுக்கு வரும் போனையெல்லாம் எடுப்பது ஆனிமேரி அக்காதான். அதற்கு முன்பு மிஷன் ஸ்கூல் ஆபீசில் இருபத்தாறு வருஷம் கிளார்க். பிள்ளைகளின் ரெக்கார்டைக் கேட்டு யார் வந்து நின்றாலும், "மொதல்ல எழுதிக் குடுங்க" என்று சொல்லியே பழகியவர். அந்தக் கறார் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. எனக்கு அதில் எரிச்சல்தான்.

போன வாரம் ஒருத்தர் பேசினார். மனைவி ஆர்டர் போட்ட சேலையை எந்த விலாசத்துக்கு அனுப்பினோம் என்று கேட்டார். அவள் பேர், ஆர்டர் நம்பர், சேலையின் கலர் எல்லாம் சரியாகச் சொன்னார்.

"ஆர்டர் போட்டவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம் சார்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

"புருசன்தானக்கா, சொன்னா என்ன குறைஞ்சிரும்?" என்று கத்தினேன்.

"பொண்டாட்டி இருக்குற வீடு புருசனுக்குத் தெரியலைன்னா, அவ சொல்லலைன்னுதான தம்பி அர்த்தம். நாம யாரு சொல்றதுக்கு?"

மறுநாள் அந்தப் பெண்ணே பேசினாள். அவளிடமும் பேர், விலாசம் எல்லாம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அக்கா பேச்சுக் கொடுத்தார்.

"பழைய நம்பரை மாத்த மறந்துட்டேன்க்கா. ஆர்டர் மெசேஜ் அவர்ட்ட இருக்கிற போனுக்குப் போயிருச்சு. அவர் கேட்டாரா?"

"கேட்டாரு. ஒண்ணும் சொல்லல. அந்த நம்பரை இப்பவே எடுத்துர்றேன்."



"அப்ப இங்கருந்தும் கிளம்பிரலாம்னு கட்டி வச்ச பையைப் பிரிச்சிர்றேன்க்கா" என்றாள்.