கெடு முடியுமுன் அவிழ்த்த கயிறு

என் தாய்மாமன் தெய்வபக்தி மிகுந்த குடிகாரர். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. தெருவுக்குத் தெரு சாராயக்கடை திறந்திருந்த காலம் அது. குடி மிஞ்சி ரகளையாகும்போதெல்லாம் அம்மா தன் தம்பியை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். பூசாரி அவர் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, இன்ன நாள் வரைக்கும் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் கெடு வைப்பார்.

கயிறு கட்டியவன் கெடுவுக்குள் குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மாமா ஒருமுறையும் மீறியதில்லை. ஆனால் கெடு வைப்பதில் ஆள் கில்லாடி. பொங்கலுக்கு முதல்நாள் முடிகிறாற்போலப் பார்த்துக்கொள்வார். அன்று குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்து, கயிற்றைச் சாமி காலடியில் அவிழ்த்து வைத்துவிட்டு நேரே சாராயக்கடைக்குப் போவார். மறுநாள் ஊரே ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போயிருக்க, மாமா எங்கேயாவது உருண்டு கிடப்பார்.

அப்படி ஒரு பொங்கலில்தான் அத்தை மனம் வெறுத்து எழுமலையில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா மறுபடி தம்பிக்குக் கயிறு கட்டவைத்து, அதே கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அத்தையை அழைக்கப் போனாள். அத்தை சாப்பாடெல்லாம் போட்டாள். கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: “கயிறு இருக்கிற வரைக்கும் அவரு நல்லவருதான் மதினி. நான் அவரு கூடக் குடும்பம் நடத்தணுமா, கயித்து கூடவா?”

அம்மா இதை அப்படியே வந்து மாமாவிடம் ஒப்பித்தாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், “கோயிலுக்குப் போறேன், வாரியா தாயி?” என்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டார். கெடு முடியத் தை பிறக்கவேண்டும். அவரோ முனி முன்னால் நின்று கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பூசாரி பதறிப்போனார்.

“ஏப்பா, கெடு முடியலயே! அவரு சும்மா விடுவாரா?”

“இம்புட்டு நாளா அவருதான் சாமி என்னையப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. இனி நானே புடிச்சுப் பாக்குறேன். முடியுதான்னு எனக்குத் தெரியணும்” என்றார் மாமா.

திரும்பி வருகிற வழி சாராயக்கடைத் தெரு. கடை வாசலில் நின்ற அவருடைய கூட்டாளி வெறும் கையைப் பார்த்துவிட்டான். “மாப்ள, கயிறு அவுந்துருச்சா? வா, வா!” என்று சந்தோஷத்தில் கூவினான். சைக்கிள் நின்றது. மாமா ஒரு காலைத் தரையில் ஊன்றினார். எனக்கு இரண்டு பக்கமும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவர் கைகள் இறுகின. என் பிடரியில் அவர் வியர்வை சொட்டியது. கடையிலிருந்து சாராய வாடை குப்பென்று அடித்தது. கூட்டாளி கிட்டே வந்து சட்டையைப் பிடித்துக்கூட இழுத்தான். மாமா அசையவில்லை. சைக்கிளும் அசையவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இல்ல மாப்ள. வீட்டுக்குப் போறேன்” என்றார் கடைசியில். அது அவர் குரல் மாதிரியே இல்லை. சைக்கிள் மெல்ல நகர்ந்தது.

வீட்டில் அம்மா வெறும் கையைப் பார்த்ததும், “அடப்பாவி, அவுத்துப்புட்டியா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “ஊது!” என்றாள். மாமா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குனிந்து ஊதினார். அவள் நம்பாமல் மறுபடி ஊதச் சொன்னாள்.

“எம்புட்டு நாளைக்குடா இப்புடி?”

“கெடுவெல்லாம் வைக்கலக்கா. தெனமும் நாந்தான் பாத்துக்கணும்.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாடையே வரவில்லை, பிறகு ஏன் அழுகிறாள் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

பிற்பாடு ஒரே ஒரு தடவை சறுக்கினார். யாரும் பிடிக்குமுன் தானே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் பட்டறைக்குப் போனார்; கயிறு கேட்கவில்லை. அடுத்த பொங்கல் எப்படிக் கழிகிறது என்று தூரத்திலிருந்தே பார்த்த பிறகுதான் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். காளையை அடக்கியவர்கள் பலரை அந்த ஊரில் பார்த்திருக்கிறேன். எனக்கு வீரர் என்றால் இன்றைக்கும் என் மாமாதான்.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. சாராயக்கடை வாசலில் நின்ற சைக்கிளை, பின்னாலேயே வந்த முனிதான் தள்ளிவிட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துத் தோழிகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அதை மிதித்தது மாமா ஒருவர்தான் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.