சுற்றி நின்ற பேருந்துகள்

போன ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, கீரனூரைத் தாண்டித் திருச்சி சாலையில் இது தொடங்கியது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. என் அண்ணன் தனியார் பேருந்து ஓட்டுநர். அன்று மண்பாதையிலிருந்து மொபெட்டில் ஒரு பெரியவர் சட்டென்று சாலையில் ஏறினார்.

2. அண்ணன் பிரேக் அடித்தான். வண்டி நிற்பதற்குள் மோதிவிட்டது. பெரியவர் அங்கேயே இறந்துபோனார்.

3. கூட்டம் கூடியது. "ஓடிருண்ணே, கொன்னுபுடுவாய்ங்க!" என்று கண்டக்டர் கத்தினார். விபத்து நடந்தால் முதலில் ஓடு, பிறகு ஸ்டேஷனில் போய் நில் என்பது இந்தத் தொழிலில் மூத்த ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது. அண்ணன் வயலில் இறங்கி ஓடினான். ஸ்டேஷனுக்குத்தான் போனான்.

4. கண்ணாடி நொறுங்கிய பேருந்தின் வீடியோ மதியத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. அதன் கீழே ஒரு கேள்வி: தப்பு செய்யாதவன் ஏன் ஓடினான்?

ஜாமீனில் வந்த அண்ணனுக்கு, வழக்கு முடியும்வரை வண்டி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பிரேக் அடித்ததைப் பார்த்த பயணி யாராவது வந்து சொன்னால்தான் வழக்கு அவன் பக்கம் நிற்கும் என்றார் வக்கீல். பேருந்து நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

அண்ணன் வீட்டிலேயே கிடந்தான். போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தான். அவனுடைய நிஜ வண்டியைப் போலவே பச்சையில் வெள்ளைக் கோடு போட்டு, அதில் அவனுக்கு ஒரு வண்டியை முன்பே நான் வடிவமைத்துக் கொடுத்திருந்தேன். விபத்துக்குப் பிறகு அதைத் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிறு மதியம், பலர் சேர்ந்து ஆன்லைனில் ஓட்டும் சாலைக்குள் போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

திரையின் ஓரத்தில் பேச்சு ஓட ஆரம்பித்தது.

"டேய், இது கீரனூர்ல ஆள அடிச்ச வண்டிடா!"

"மடக்குங்கடா, இவன் எறங்கி ஓடிருவான்."

பின்னாலிருந்து ஒரு பேருந்து லேசாக இடித்தது. அடுத்தது கொஞ்சம் பலமாக. பிறகு எந்தப் பக்கம் பார்த்தாலும் பேருந்து. புதிதாக உள்ளே வந்த ஒருவர், "என்னாப்பா விசயம்?" என்று கேட்டார். பதில் வருவதற்கு முன்பே அவரும் இடித்துவிட்டார். என் வேலையில் எந்தக் கோளாறுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றைத் தேடுவேன். இங்கே முதலில் இடித்தவர் எப்போதோ வெளியே போயிருந்தார். இடிப்பது மட்டும் நிற்கவில்லை.

"வெளிய வாண்ணே," என்றேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"இரு பாப்பா. அன்னைக்குத்தான் ஓடிட்டேன். இங்கிட்டாச்சும் நின்னு பாக்குறேன்."

கட்டைவிரலால் மெதுவாகத் தட்டச்சு செய்தான்: "நான்தான் அந்த டிரைவர்."

எல்லா வண்டியும் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு யாரோ, "அப்ப நான்தான்டா கலெக்டரு," என்று போட்டார். வரிசையாகச் சிரிப்பு, வரிசையாக ஹாரன். அண்ணனின் பச்சை வண்டி கவிழும்வரை இடித்துவிட்டு, அடுத்த வேடிக்கையைத் தேடிப் போய்விட்டார்கள். அண்ணன் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, நெசமாவே நீங்கதானா? அன்னைக்கு ஒங்க சீட்டுக்குப் பின்னாடி நான்தான் உக்காந்திருந்தேன். நீங்க போட்ட பிரேக்ல முன்கம்பில மோதி எனக்குத் தாடை கிழிஞ்சு போச்சு."

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு கேட்டான்: "இப்ப இடிச்சதுல நீங்களும் உண்டா?"

"உண்டுண்ணே. எல்லாரும் இடிச்சாங்க, நானும் இடிச்சுட்டேன்."

அடுத்த வாரம் அவரைக் கீரனூர் பேருந்து நிலையத்தில் பார்த்தோம். தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர். தாடையில் தழும்பு இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார், எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. கோர்ட் என்றதும் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவரு எங்க பக்கத்து ஊருங்க. நான் ஒருத்தனா போய் நின்னு எப்படிங்க சொல்றது? வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இறந்தவர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்ற நினைப்பும் என்னை விடவில்லை. ஆனால் இத்தனை பேர் கூடி ஒருவனைக் கவிழ்ப்பது எவ்வளவு சுலபம், அதில் ஒருவர் தனியாக வந்து கண்டதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த டீக்கடையில்தான் பார்த்தேன்.

அவர் பெயரை வக்கீல் சாட்சியாகக் கொடுத்திருக்கிறார். போன வாய்தாவுக்கு அவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். அண்ணன் இப்போது அன்னவாசலில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறான். அந்த விளையாட்டைத் திறப்பதில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த வாய்தா தை மாதம். அவர் வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது.